கல்லறைக்கு ஒரு தட்டு ஸ்டூ

என் மகள் ரெபேக்காள் குவைத்திலிருந்து தூக்கிவந்த கரண்ட் சட்டியை என் வீட்டில் சொருகக் கூடாது என்று நான் சொன்னேன். அவள் அம்மா வசந்தா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அதோடு நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் கல்லறைத் திருநாள். 2008-ம் வருசம், ஞாயிற்றுக்கிழமை.

விடியற்காலை ஐந்து மணிக்கே கறிக்கடைக்குப் போய் நின்றேன். வெட்டி வைத்த கறியை நான் வாங்குவதில்லை. கண்ணெதிரே வெட்ட வேண்டும். கிழட்டு மாட்டை இளசு என்று சொல்லாத கடைக்காரன் இன்னும் பிறக்கவில்லை. முன்னங்கால் சதை, எலும்போடு இரண்டு கிலோ கேட்டேன். எந்த மாடு, எந்த ஊர் மாடு என்றும் கேட்டேன். "பெருசு, மாட்டுக்கு ஜாதகம் கேட்டுகினு கீற. பொண்ணு கொடுக்கப் போறியா?" என்றார் பாய். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எடை போடும்போது நான் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மாவும் மகளும் அடுப்படியில் உட்கார்ந்து கேரட்டும் உருளைக்கிழங்கும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சின்ன வெங்காயம் உரித்த தோல் காலில் ஒட்டியது.

ஸ்டூ எங்கள் வீட்டுச் சமையல் இல்லை. எங்களுக்கு மிளகாய்த் தூள் போட்டுச் சுருள வறுத்தால்தான் மாட்டுக்கறி. இது என் மகன் தர்மராஜ் கற்றுக்கொண்டு வந்தது. மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு ஓட்டலில் சமையல்கட்டில் வேலை அவனுக்கு. கறியை மாவில் புரட்டிக் கொழுப்பில் சிவக்க விடணும், மிளகும் பிரிஞ்சி இலையும்தான், மிளகாய் கூடாது, குக்கரில் வைக்கவே கூடாது என்பான். விசில் அடித்தால் கறி பயந்து இறுகிப்போகுமாம். அவன் அம்மாவுக்கு மரத்தூள் அடுப்பில் ஏழு மணி நேரம் வைத்துக் காட்டிக்கொடுத்தான். கரண்டியால் தொட்டால் கறி பிரியும். பல் போன எனக்கு அது வசதி.

2004 டிசம்பர் 26 அன்று காலை அவனுக்கு வேலை. கடல் வந்தது. அவனுக்கு இருபத்திரண்டு வயது.

அதிலிருந்து வருசா வருசம் கல்லறைத் திருநாளன்று வசந்தா அதைச் சமைக்கிறாள். முதல் தட்டு அவன் குழிமேல். அதற்கப்புறம்தான் வீட்டில் மற்றவர்களுக்கு. படையல் போடாதே, நாம் என்ன அஞ்ஞானிகளா என்று பங்குச் சாமியார் கோயிலில் திட்டுவார். எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். எல்லாருடைய பையிலும் தூக்குச்சட்டி இருக்கும்.

ஏழு மணிக்கு ரெபேக்காள் கரண்ட் சட்டியைச் சொருகினாள். உள்ளே கனமான பீங்கான், மேலே கண்ணாடி மூடி, முன்னால் ஒரு திருகு. நெருப்பு இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. வேகிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? "நைனா, அது பாட்டுக்கு வேவும். நீ மூடிய தெறந்து தெறந்து பாக்காத" என்றாள். கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிற எதையும் நான் நம்பினதில்லை.

ஒன்பது மணிக்கு வாசனை கிளம்பியது. நான் பின்கட்டுக்குப் போனேன்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

நான் ரயில்வேயில் கேங்மேனாக முப்பத்தொரு வருசம் இருந்தவன். ரயிலில் அடிபட்டவர்களைத் தண்டவாளத்திலிருந்து கோணியில் அள்ளியிருக்கிறேன். அள்ளிவிட்டுக் கை கழுவி டீ குடித்திருக்கிறேன். ஒருத்தனும் என் பின்னால் வந்ததில்லை. இவன் வருகிறான். இந்த ஒரு நாள்தான், இந்தக் கறி வாசனைக்குத்தான், அதுவும் பட்டப்பகலில். கறுப்புப் பேண்ட் ஈரமாக இருக்கும். முகத்தைப் பார்த்ததில்லை. அடுப்படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான்.

அவன் தர்மராஜ் இல்லை.

இத்தனை நேரம் உங்களிடமும் நான் இதைச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கடல் வந்த மூன்றாம் நாள், கடற்கரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பிணங்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். வசந்தா மூன்று நாளாகப் பச்சைத்தண்ணி குடிக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து, என் பிள்ளை இல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். சாயந்திரத்துக்குள் எல்லாரையும் ஒரே பள்ளத்தில் தள்ளிவிடப் போகிறார்கள் என்று பேச்சு. நான் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனேன். முகம் என்று எதுவும் இல்லை யாருக்கும். கடைசி வரிசையில் ஒருத்தன். அதே உயரம். அதே கறுப்புப் பேண்ட்.

சட்டையைத் தூக்கினேன். இடுப்பில் அரைஞாண் கயிறு, அதில் வெள்ளித் தாயத்து.

தர்மராஜுக்குக் கழுத்தில் மாதா படம் தைத்த கயிறு, உத்தரியம்தான் கிடக்கும். சின்ன வயசில் கோயிலில் முதல் தடவை நன்மை வாங்கின புதுநன்மை நாளிலேயே அரைஞாணை அறுத்துப் போட்டாள் அவன் அம்மா. உத்தரியத்தைக் கடல் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் கடல் யாருக்கும் கயிறு கட்டிவிடாது.

தெரிந்துதான் செய்தேன். பக்கத்தில் இருந்தவரிடம் பிளேடு வாங்கி அதை அறுத்தேன். மண்டபத்துச் சமையல்கட்டுச் சாக்கடையில் போட்டேன். வெளியே வந்து, கிடைச்சுட்டான் வசந்தா என்றேன். அவள் எழுந்து தண்ணி குடித்தாள்.

அவனைத்தான் எங்கள் ஊர் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்து தர்மராஜ் என்று புதைத்தோம். அந்தப் பையன் எங்கள் ஜனம் இல்லை. மாட்டுக்கறி தொடாத வீட்டுப் பிள்ளையாகத்தான் இருப்பான். அவன் நெஞ்சின்மேல் வருசா வருசம் தட்டு நிறைய மாட்டுக்கறி வைக்கிறோம். மறுநாள் தட்டெடுக்கப் போனால் மற்ற குழியில் எல்லாம் காக்காய் கொத்தியிருக்கும், நாய் நக்கியிருக்கும். எங்கள் தட்டு வைத்தது வைத்தபடி கொழுப்பு உறைந்து கிடக்கும். எறும்புகூட ஏறியிருக்காது.

பத்து மணிக்குக் கரண்ட் போனது. அந்த வருசம் தினமும் இரண்டு மணி நேரம் அப்படிப் போய்க்கொண்டிருந்தது. அப்பவே சொன்னேன் என்று நான் வாயைத் திறந்ததும், மரத்தூள் மூட்டையை எடுத்துவரச் சொல்லி என்னை அனுப்பிவிட்டாள் வசந்தா.

பின்கட்டில் தகர அடுப்பை வைத்து, நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கொட்டிக் கெட்டித்தேன். மழை ஈரத்தில் தூள் பாதி நமுத்துப்போயிருந்தது. பாட்டிலை உருவினால் நடுவில் ஓட்டை நிற்க வேண்டும். மூன்று தடவை சரிந்தது. துவைக்கிற கல் பக்கம் நான் திரும்பவில்லை. நாலாவது தடவை நின்றது. கறியை மண்சட்டிக்கு மாற்றி ஏற்றினோம்.

அப்போதுதான் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள்.

ஐம்பது வயசு இருக்கும். மஞ்சள் புடவை, மணிக்கட்டில் காப்புக் கயிறு, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். மனை விற்க வந்தவள் என்று நினைத்து, வேணாம் போ என்றேன். அவள் போகவில்லை. திருப்போரூர் பக்கம் ஊர், பேர் சாரதாம்பாள், பயிர் வைக்கிற குடும்பம் என்றாள். கவரிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். பையன் பேர் குமார். சிநேகிதர்களோடு மாமல்லபுரத்துக்குக் கடல் பார்க்கப் போனானாம், அந்த ஞாயிற்றுக்கிழமை.

வசந்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டோவை வாங்கினாள். அதற்கப்புறம் என்னை யாரும் கேட்கவில்லை. நாற்காலி வந்தது, மின்விசிறி ஓடாததால் விசிறிமட்டை வந்தது.

நான்கு வருசமாகக் கடலோரத்து ஊரெல்லாம் ஏறி இறங்குகிறாளாம். முட்டுக்காட்டிலிருந்து தெற்கே ஒரு குப்பம் பாக்கியில்லையாம். மண்டபத்தில் பிணம் தூக்கின ஆள் ஒருத்தரைப் போன மாசம்தான் கண்டுபிடித்திருக்கிறாள். செங்கல்பட்டுக்கு ஒரு உடம்பை எடுத்துப்போன ரயில்வேக்காரர் வரிசை முழுக்கப் பார்த்தார், அவரைக் கேள் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். அதுதான் வந்திருக்கிறாள்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள் வசந்தா. சொல்லும்போதே நினைவு வந்து, "மாட்டுக்கறி தாங்க்கா வேவுது. உங்களுக்கு வேற ஆக்கித் தரேன்" என்றாள். அந்த அம்மாள் கந்த சஷ்டி விரதம் இருக்கிறாள், ஒன்றும் வேண்டாம் என்றாள். தண்ணி மட்டும் கேட்டாள். ரெபேக்காள் டம்ளரில் கொடுத்தாள். எங்கள் வீட்டுத் தண்ணியை எப்படிக் குடிக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருசத்தில் அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், தாகமே இல்லை என்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இவள் வாய் வைத்துக் குடித்தாள்.

பின்கட்டிலிருந்து வாசனை வந்தது. அவள் முந்தானையால் மூக்கை மூடவில்லை. லேசாகச் சிரித்தாள்.

"எம்புள்ளைக்கு இந்த வாசன ஆவாதும்மா. பக்கத்தூட்ல கோழி ஆக்கினாகூட இருக்கமாட்டான். முதுவக் காட்டிகினு கெணத்தாண்ட போய் நின்னுடுவான். எல்லாரும் தின்னு கை கழுவுனப்புறம்தான் திரும்புவான்."

கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். வீட்டுக்காரர் சடையப்பன் கருமாதி செய்துவிடலாம் என்கிறாராம். உடம்பைப் பார்க்காமல் எப்படிச் செய்கிறது என்று இவள் மறிக்கிறாளாம். ஒவ்வொரு சஷ்டிக்கும் ஆறு நாள் பட்டினி கிடக்கிறாள்.

"உசுரோட இருந்தா முருகன் குடுக்கட்டும், இல்லன்னா காட்டிடட்டும். ரெண்டுல ஒண்ணுதான் கேக்கறேன். அண்ணாத்த, நீங்க பாத்தீங்களே. யார் இடுப்புலயாவது அரைஞாண்ல வெள்ளித் தாயத்து இருந்துதா?"

வசந்தா என்னைப் பார்த்தாள். ரெபேக்காள் பார்த்தாள். போட்டோவில் அந்தப் பையனும் பார்த்தான். அவன் முகத்தை நான் அப்போதுதான் பார்க்கிறேன். மீசை சரியாக முளைக்கவில்லை.

"இல்லம்மா. ஒண்ணும் பாக்கல. அங்க எல்லாம் ஒரே மாரி கெடந்துது" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுப் பழகின ஆட்டல். ஒரு சீட்டில் போன் நம்பர் எழுதி ரெபேக்காளிடம் கொடுத்தாள். சாயந்திரம் எங்களோடு வந்து, பேர் தெரியாதவர்கள் குழியில் ஒரு மெழுகுவத்தி ஏற்றலாமே என்று வசந்தா கூப்பிட்டாள். விரதத்தில் இடுகாட்டுக்கு வரக்கூடாது, அதோடு என் பிள்ளை செத்தான் என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே என்றாள். ரயிலடிப் பக்கத்துக் கோயிலில் கொஞ்சம் படுத்திருந்துவிட்டு ஐந்து மணி பஸ்ஸுக்குத் திருப்போரூர் போவதாகச் சொல்லிப் போனாள்.

நான் பின்கட்டில் அடுப்பு முன்னால் உட்கார்ந்தேன். ஓட்டைக்குள் தூள் கனன்றுகொண்டிருந்தது. எழுந்து ஓடினால் தெருமுனையில் அவளைப் பிடித்துவிடலாம். ஓடவில்லை. வசந்தாவுக்கு இருப்பது அந்தக் குழி ஒன்றுதான். வாரா வாரம் போய்ப் புல் பிடுங்குகிறாள், பேசுகிறாள், தங்கச்சி குவைத்திலிருந்து என்ன எழுதினாள் என்று சொல்கிறாள். உண்மையைச் சொன்னால் அதைப் பிடுங்கினவன் நான். பிடுங்காவிட்டால் அந்த அம்மாள் அடுத்த சஷ்டிக்கும் யார் வீட்டு வாசலிலோ நிற்பாள். சாட்சி என்று இருப்பது என் வாய் ஒன்றுதான்.

ரெபேக்காள் வந்து பக்கத்தில் குந்தினாள். குவைத்தில் நர்ஸ் வேலை பார்க்கிற புத்தி, என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். ஏன் இப்படி அடிக்கிறது என்றாள். புகை என்றேன். அவள் நம்பவில்லை. என் மகள்தானே.

மூன்று மணிக்கு வசந்தா கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி நீட்டினாள். உப்பு பார்ப்பது எப்போதும் நான்தான். வாயில் போட்டுக்கொண்டேன். கறி நாக்கிலேயே பிரிந்தது. எலும்பின் கொழுப்பெல்லாம் குழம்பில் இறங்கி, கேரட் இனிப்பும் மிளகுக் காரமுமாக, அவன் இருந்தால் தொடையைத் தட்டியிருப்பான். சரியா கீது என்று சொல்லிவிட்டு வெளியே போய்த் துப்பினேன்.

கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். மழை விட்டிருந்தது. சாமந்தியும் மெழுகுவத்தியுமாக எல்லாக் குழியும் எரிந்துகொண்டிருந்தன. சாமியார் தீர்த்தச் செம்போடு முதல் வரிசையிலிருந்து வந்துகொண்டிருந்தார். வசந்தா சிலுவையைத் துடைத்தாள். 'தர்மராஜ்' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியது, நான் எழுத்துக் கூட்டிப் பார்த்துச் சரி என்று சொன்னது. மாலை போட்டாள். சாமியார் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டு, தூக்கைத் திறந்து தட்டில் ஸ்டூவை ஊற்றினாள். பக்கத்தில் ஒரு பன்ரொட்டியைப் பிட்டு வைத்தாள்.

"சாப்புடு கண்ணு. சூடா கீது. தங்கச்சி குவைத்து சட்டில வச்சா, கரண்ட் பூட்ச்சி. நைனாதான் அடுப்பு கட்டிக் குடுத்தாரு."

தட்டைக் குழிமேல் வைக்கக் குனிந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"அவனுக்கு வைக்காத, வசந்தா."

அவளுக்குப் புரியவில்லை. சாமியார் வந்துவிட்டாரா என்று திரும்பிப் பார்த்தாள்.

"இது நம்ம புள்ள இல்ல. அந்தம்மா புள்ள. நான் தான் அறுத்துப் போட்டேன், அரைஞாண. தெரிஞ்சேதான் கொண்டாந்தேன்."

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவள் தட்டை நேராகப் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு சொட்டுக் குழம்பு மண்ணில் விழுந்திருந்தது. குனிந்து அந்த மண்ணை மட்டும் கிள்ளி எடுத்துத் தூரப் போட்டாள்.

அதற்கப்புறம் கேட்டாள்.

"அப்ப எம்புள்ள எங்கய்யா?"

நாலு வருசமாக நான் எதற்குப் பயந்துகொண்டிருந்தேனோ அதை மூன்று வார்த்தையில் கேட்டுவிட்டாள். ஒரே பள்ளத்தில் போனவர்களோடு போனானா, கடலிலேயே இருக்கிறானா, எனக்குத் தெரியாது. நான் மற்ற வரிசைகளை அன்றைக்குத் திரும்பப் பார்க்கவில்லை. இவன் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன். அதையும் சொன்னேன்.

வசந்தா ஸ்டூவைத் தூக்கில் திருப்பி ஊற்றி மூடினாள். ரெபேக்காளிடம் மணி கேட்டாள். நாலே முக்கால் என்றாள் அவள், அழுதுகொண்டே. தூக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு, "வா. அஞ்சு மணி பஸ்ஸுக்குள்ள அந்தம்மாவப் புடிக்கணும்" என்றாள். என்னைக் கூப்பிடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. வரிசைக் குழிகளுக்கு நடுவில் இரண்டு பேரும் வேகமாக நடந்துபோனார்கள்.

நானும் போயிருக்கலாம். அவனைத் தனியாக விட்டுப்போக மனம் வரவில்லை. மெழுகுவத்தி ஒன்று சாய்ந்திருந்தது. நிமிர்த்தி வைத்தேன்.

சாமியார் வந்துவிட்டார். வயசான மனுசன், சேறு பட்ட அங்கி, நூறு குழியாவது மந்திரித்திருப்பார் அதுவரைக்கும். எந்தக் குழிக்கும் அவர் சிலுவையைப் படிப்பதில்லை. வீட்டு ஜனம் செத்தவர் பேரைச் சொல்ல வேண்டும், அந்தப் பேரைச் சொல்லி அவர் செபம் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம்.

"யாருக்கு?" என்றார்.

"குமாரு" என்றேன். "திருப்போரூர் பக்கம். சடையப்பன், சாரதாம்பாள் மகன்."

தீர்த்தம் தெளிக்கத் தூக்கின கை அப்படியே நின்றது. முதல் தடவையாக அவர் சிலுவையைப் படித்தார். பிறகு கையில் இருந்த செம்பைப் துணைக்கு வந்த உபதேசியாரிடம் கொடுத்துவிட்டு, மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, பாவமன்னிப்பு கேட்கிறவனிடம் சாய்வதுபோல் என் பக்கம் காதைச் சாய்த்தார்.